‘வயசானா அப்படித்தான்’: தோட்டத்து முதியவர்களின் மனச்சோர்வும் அதன் வேர்களும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திம்புள்ளப் பகுதியில் பகலெல்லாம் பனிமூட்டம்தான். காலைப் பெரட்டுக்கு ஆட்கள் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விடுகிறார்கள். லயத்து இஸ்தோப்பில் ஒரு மூதாட்டி மட்டும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை. இப்போது மடியில் சும்மா கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் போகிற போக்கில் “என்னா ஆயா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறார். “ஒண்ணும் வேணாம் புள்ள” என்ற பதில் வருகிறது. இரவில் தூக்கமில்லை, உடம்பெல்லாம் ஓய்ச்சல், நெஞ்சு படபடப்பு, எந்நேரமும் யோசனை. வீட்டில் உள்ளவர்கள் சொல்வது ஒன்றுதான்: “வயசானா அப்படித்தான்.”

இந்தக் காட்சி ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. தலவாக்கலை, லிந்துல, பத்தன, கொட்டகலை என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதை ஒத்த ஒன்றைப் பார்க்கலாம். அந்த மூதாட்டிக்கு இருப்பது முதுமை மட்டும்தானா? மனச்சோர்வு என்று வைத்தியர்கள் சொல்லும் நோயாகவும் இருக்கலாம். அது ஏன் இங்கே வருகிறது, வறுமைக்கும் உறவுகளுக்கும் அதில் என்ன பங்கு, என்ன செய்தால் குறையும் என்பதை இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

கவலை வேறு, மனச்சோர்வு வேறு

கவலை எல்லோருக்கும் வரும், போகும். மனச்சோர்வு அப்படிப் போய்விடுவதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாக, அநேகமாக எல்லா நாளும், மனம் தாழ்ந்தே இருக்கும். முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இருக்காது. அதோடு தூக்கம், பசி, உடல் வலு, கவனம் ஆகியவையும் குலைந்துபோகும். “நான் யாருக்கும் உதவாதவள்”, “எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்” என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும்.

முதியவர்களிடம் இது பல சமயம் வேறு வேடத்தில் வருகிறது. “மனசு சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு யாரும் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. கால் வலி, தலைக்கனம், வயிற்று எரிச்சல், தலைச்சுற்று என்றுதான் போகிறார்கள். வலிக்கு மாத்திரை கிடைக்கிறது. உள்ளே இருக்கும் நோய் அப்படியே இருக்கிறது. சிலர் மறதிக்காரர்களைப் போல ஆகிவிடுவதால் “மூளை மங்கிவிட்டது” என்று வீட்டார் முடிவு செய்துவிடுகிறார்கள். இரத்தச்சோகை, தைரொய்ட் குறைபாடு, விற்றமின் பீ12 குறைபாடு போன்றவையும் இதே அறிகுறிகளைத் தரலாம். அதனால் வைத்தியரிடம் காட்டிப் பார்ப்பது அவசியம். ஆண்கள் விடயத்தில் இன்னொரு திரையும் உண்டு: சாராயம். மாலையானால் குடிக்கிற தாத்தாவைக் குடிகாரர் என்றுதான் பார்க்கிறோம். அவர் எதை மறக்கக் குடிக்கிறார் என்று கேட்பதில்லை.

60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதமானோர் ஏதாவதொரு உளநலப் பாதிப்போடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு கூறியது. அவற்றில் முதன்மையானவை மனச்சோர்வும் பதகளிப்பும். அப்படியானால் மீதிப் பெரும்பான்மையான முதியவர்களுக்கு இந்நோய் இல்லை. முதுமை என்றாலே மனச்சோர்வு என்பது உண்மையல்ல என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

கையில் எவ்வளவு மிஞ்சுகிறது?

இலங்கைப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதம். தோட்டத்துறையில் அது 33.8 சதவீதம். இது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

அந்த வறுமை முதியவரிடம் எப்படி வந்து சேருகிறது என்பதைப் பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தோட்டத் தொழிலாளிக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகியவை ஒரே தடவையில் கைக்கு வரும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலித் தொழிலாளிக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள அளவில் கிடைக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். அந்தச் சம்பளத்தில், 30 வருட சேவையோடு ஓய்வுபெற்றவருக்குப் பணிக்கொடையாக வந்தது 2,10,000 ரூபாய். அவர் இன்னும் இருபது வருடம் வாழ்ந்தால், மாதத்துக்கு 875 ரூபாய். 2024ஆம் ஆண்டு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயான பிறகு அதே சேவையோடு ஓய்வுபெற்றவருக்கு 5,67,000 ரூபாய். அதையும் இருபது வருடத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 2,360 ரூபாய்தான். சேமலாப நிதியும் இதோடு வரும். ஆனால் வேலைக்குப் போன நாட்களைப் பொறுத்து அது கூடும், குறையும்.

முன்னவரின் கதையில் இன்னொரு அடியும் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 500 ரூபாய்க் கணக்கில் கிடைத்த பணத்தை வங்கியில் பத்திரமாக வைத்திருந்தவருக்கும் அதன் பெறுமதி கண்ணெதிரே கரைந்தது.

பெரும்பாலும் அந்தப் பணம் வங்கியில் இருப்பதும் இல்லை. மகளின் கலியாணம், கூரைத் தகரம், பேரனின் வெளிநாட்டுப் பயணம், பழைய கடன் என்று சில மாதங்களில் போய்விடுகிறது. பெற்றவர்கள் மனமுவந்துதான் கொடுக்கிறார்கள். கொடுத்து முடிந்த பிறகு வெறும் கையோடு இஸ்தோப்புக்கு வந்துவிடுகிறார்கள். உடம்பில் தெம்பு உள்ளவர்கள் மறுபடி கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கவோ, நகரத்து வீடுகளில் பாத்திரம் கழுவவோ போகிறார்கள்.

அரசின் முதியோர் கொடுப்பனவு 70 வயதைக் கடந்த வருமானம் குறைந்தவர்களுக்கு உரியது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 55 அல்லது 60 வயதில் செக்ரோலில் பேர் வெட்டப்பட்டவர் அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் பலர் முழுக்க முழுக்கப் பிள்ளைகளின் கையை எதிர்பார்ப்பவர்களாகிறார்கள்.

வறுமை மனதுக்குள் எப்படி இறங்குகிறது?

காசு இல்லாதது நேராக நோயாகிவிடுவதில்லை. அது பல வழிகளில் வேலை செய்கிறது.

முதலாவது வழி உடம்பு. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை தீர்ந்தால், கிளினிக்குக்குப் போக முச்சக்கரவண்டிக்குக் காசு வேண்டும். அது இல்லாதபோது மாத்திரை நின்றுபோகிறது. ஆறாத வலியும் தூக்கமின்மையும் மனச்சோர்வைக் கொண்டுவருகின்றன. மனச்சோர்வு வந்தால் மருந்தெடுக்கும் அக்கறையும் போய்விடுகிறது.

இரண்டாவது, தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்ற உணர்வு. வெற்றிலைக்கும் தேயிலைக்கும்கூட மருமகளிடம் கேட்க வேண்டியிருப்பது, மாதாமாதம் சம்பளம் வாங்கிப் பழகிய ஒருவருக்குச் சின்ன விடயமல்ல. லயன் காம்பராவே தோட்டத்து வேலையோடு ஒட்டியது. வீட்டில் யாரும் தோட்டத்தில் பேர் போடாவிட்டால் “நாளைக்கு இந்தக் காம்பராவும் இல்லாமல் போகுமோ” என்ற பயம் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது, வெட்கம். இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கலியாணத்துக்கோ சடங்குக்கோ போனால் மொய் எழுத வேண்டும். கையில் காசில்லாதவர் “கால் வலி” என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறார். நாலு விசேடத்துக்குப் போகாவிட்டால் ஐந்தாவதற்கு அழைப்பு வராது. வறுமை பசியைத் தருவதோடு நிற்பதில்லை. மனிதர்களிடமிருந்தும் ஒருவரைப் பிரித்துவிடுகிறது.

பத்துப்பேர் நடுவே தனிமை

‘சமூக ஆதரவு’ என்றதும், “தோட்டத்தில் அதற்கென்ன குறை? ஒரே காம்பராவில் எட்டுப் பேர் இருக்கிறார்களே” என்று தோன்றலாம். ஆனால் ஆட்கள் சுற்றி இருப்பது வேறு, ஆதரவு இருப்பது வேறு. தட்டில் சோறு வரும், ஆனால் பேச்சு வராது. தனியே வாழாமலேயே தனித்துப்போக முடியும்.

ஜோர்ஜ் பிரவுண், டிரில் ஹரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் லண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார்கள். கடுமையான இழப்புகளைச் சந்தித்த பெண்களில், மனம்விட்டுப் பேச ஒருவராவது இருந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாகவே வந்தது என்பது அவர்கள் கண்ட முக்கியமான விடயம். இழப்பை அந்த ஒருவரால் இல்லாமலாக்க முடியாது. ஆனால் அதன் அடியைத் தாங்கிக்கொள்ள உதவ முடியும்.

ஆதரவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாங்கிக்கொண்டே இருப்பது ஒரு மனிதரைச் சிறுமையாக உணரவைக்கும். கொடுக்கவும் ஏதாவது இருக்க வேண்டும். தோட்டத்து வாழ்க்கையில் முதியவர்களுக்கு ஒரு காலத்தில் அப்படிப்பட்ட இடங்கள் இருந்தன. பிரசவம் பார்த்தவர்கள், குடும்பச் சண்டையைத் தீர்த்து வைத்தவர்கள், காமன் கூத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்மார், மாரியம்மன் திருவிழாவில் முன்னால் நின்றவர்கள் எல்லாம் அவர்கள்தான். இளையவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போன பிறகு கற்றுக்கொள்ள ஆளில்லை. மகள் வெளிநாடு போன வீடுகளில், அறுபது எழுபது வயதில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முழுப் பாரம் பாட்டிமார் தலையில் விழுகிறது. பேரப்பிள்ளையே வாழ்க்கைக்கு ஒரு பிடிப்பாக இருப்பது உண்மை. தாங்க முடியாத சுமையாக ஆவதும் உண்மை. யாராவது கைகொடுக்கிறார்களா என்பதுதான் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்.

எழுபத்தைந்து வருட வரலாறு

1950இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பிறக்கும் முன்பே, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருடைய பெற்றோரின் குடியுரிமை பறிபோயிருந்தது. 14 வயதில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் மனிதர்களை எண்ணிப் பங்கிட்டன. அண்ணன் நீலகிரிக்கு, தங்கை லிந்துலவில் என்று குடும்பங்கள் உடைந்தன. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. 1977இலும் 1983இலும் வன்செயல்கள். 2003ஆம் ஆண்டு, 53 வயதில்தான், எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது.

இந்த இடத்தில் வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து போன பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. காந்தியம் அமைப்பு அவர்களுக்காக வேலை செய்தது. அதன் முன்னோடிகளில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பங்களில் பல 2009இல் வன்னியில் இருந்தன. ஆகவே திம்புள்ளயில் இஸ்தோப்பில் இருக்கும் ஒருவர், வன்னிக்குப் போன தம்பியையோ அக்காவின் பிள்ளைகளையோ நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துபோனார்கள். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்ற இழப்பில் துக்கம் முடிவுக்கு வராது. அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று விளக்கினார். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதர்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். ஊர் காயப்பட்டால் தாங்கிப்பிடிக்க வேண்டிய கைகளும் காயப்பட்டவையாகின்றன. அப்படியிருந்தும் அந்தப் போராட்டப் பந்தல் ஒரு வேலையைச் செய்தது. ஒரே வலியுள்ளவர்கள் தினமும் பக்கத்தில் உட்காரும் இடமாக அது இருந்தது. ஆதரவு என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடம் குறைவு.

பாட்டிமார் உட்கார்ந்த மரப்பெஞ்சு

சிம்பாப்வேயில் உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா தன்னிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண்ணைத் தற்கொலையில் இழந்தார். வைத்தியசாலைக்கு வரப் பஸ்ஸுக்குக் காசில்லாமல் போனதே காரணம் என்று பிறகு தெரியவந்தது. நோயாளி வர முடியாவிட்டால் சேவை அங்கே போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் முற்றத்தில் மரப்பெஞ்சுகளில் உட்காரவைத்தார். ‘நட்புப் பெஞ்சு’ என்று அதற்குப் பெயர். வருபவரின் கதையை முழுதாகக் கேட்பது, பிரச்சினைகளில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது, அதைத் தீர்க்க அடுத்த அடியை அவரையே யோசிக்க வைப்பது என்பவைதான் முறை. ஷோனா மொழியில் அந்த நோய்க்கு மக்கள் சொல்லும் பெயருக்கு ‘அளவுக்கு மீறிய யோசனை’ என்று பொருள். நம் தோட்டத்து ஆயாவும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். இம்முறையால் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு கோவாவில் நடந்தது. மனச்சோர்வின் ஆரம்ப அறிகுறிகளோடு இருந்த 60 வயதுக்கு மேற்பட்டவர்களை, வைத்தியர்களல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் சந்தித்தார்கள். பிரச்சினையைத் தீர்க்கும் வழிகள், தூக்கத்தைச் சரிசெய்யும் முறைகள் ஆகியவற்றோடு, அவர்களுக்குரிய அரச உதவிகளைப் பெறவும் துணை நின்றார்கள். ஒரு வருட முடிவில், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் சுமார் 14 சதவீதமானோருக்கு மனச்சோர்வு வந்திருந்தது. இந்த உதவி பெற்றவர்களில் அது சுமார் 4 சதவீதம். 2019இல் வெளியான இந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது, பேச்சும் படிவமும் ஒன்றாகவே போயின என்பதுதான். கொடுப்பனவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

இங்கே என்ன செய்யலாம்?

வீட்டிலிருந்து தொடங்கலாம். “சாப்பிட்டாச்சா?” என்பதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். ராத்திரி தூக்கம் வருகிறதா? முன்பு பிடித்ததில் இப்போதும் மனம் போகிறதா? “நான் இருந்து என்ன பிரயோசனம்” என்ற பேச்சு வந்தால், அதைச் சும்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று அன்பாக, நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் தனியே விடாமல் உதவி தேட முடியும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். நுவரெலியா, டிக்கோயா போன்ற அரச வைத்தியசாலைகளில் வைத்தியரிடம் தூக்கமின்மையையும் யோசனையையும் சேர்த்தே சொல்லுங்கள். இது மருந்தாலும் பேச்சாலும் குணப்படுத்தக்கூடிய நோய்.

தோட்டத்திலும் செய்ய இடமுண்டு. கிட்டத்தட்ட எல்லாத் தோட்டங்களிலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஒருவர் இறந்தால் பந்தல், பெட்டி, செலவு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்கிறது. அதே சங்கம் வாரத்தில் ஒரு நாள், இறப்பதற்கு முன்பே, முதியவர்களைக் கூட்டி உட்காரவைக்க முடியாதா? கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் உள்ளன. அவை தோட்டத்து லயங்கள் வரை வருகின்றனவா என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பு. மொய் வேண்டாம், ஆள் வந்தால் போதும் என்று முதியவர்களிடம் சொல்லும் ஒரு வழக்கத்தை ஊரே தொடங்கலாம். அதற்குச் செலவே இல்லை.

மூன்றாவது, உரிமை. பணிக்கொடையை வேலையிலிருந்து நீங்கி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்றும், தாமதித்தால் மேலதிகத் தொகை சேர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கிடைக்காதவர்கள் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புக் கோர ஒரு சபையையும் அமைத்திருக்கிறது. ஆனால் மகனே நாட்கூலியில் திண்டாடும்போது அவன்மேல் வழக்குப் போட எந்தத் தாய் போவார்? 60க்கும் 70க்கும் இடையிலான அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியது பிள்ளைகள் மட்டுமல்ல. தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசும் மேசையில், பேர் வெட்டப்பட்டவர்களின் மாத வருமானத்தைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ் பேசும் உளநல உத்தியோகத்தர்களைத் தோட்டப் பகுதிக்கு நியமிக்கும் கோரிக்கையும் அதே மேசைக்கு வர வேண்டும். மனதில் உள்ளதை வேறு மொழியில் சொல்லச் சொன்னால், கால் வலியை மட்டும்தான் சொல்ல முடியும்.

இஸ்தோப்பில் இருக்கும் அந்த மூதாட்டிக்கு மாத்திரையும் தேவைப்படலாம், மாதக் காசும் தேவை, பக்கத்தில் உட்கார ஓர் ஆளும் தேவை. மூன்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் வயதைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. முதல் இரண்டுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். மூன்றாவதை இன்று மாலையே செய்யலாம்.